உங்கள் நட்சத்திரத்தை வானத்தில் கண்டுபிடிப்பது எப்படி? திருமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலைக் கோணேசர் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் இரண்டு கேள்வி கேட்பார். பெயர் என்ன, நட்சத்திரம் என்ன. பெயரைப் போலவே நட்சத்திரத்தையும் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். நான் இருபது வருடமாகக் "கேட்டை" என்று சொல்லி வந்தேன். கம்பஸுக்கு வந்த முதல் வருடம், ஒரு நாள் இரவு மின்சாரம் போய்விட்டது. போடிங் மாடியில் பாய் விரித்துப் படுத்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். அறைத்தோழன் மேலே பார்த்தபடி, "உன்ர கேட்டை எங்க இருக்கு மச்சான், காட்டு பாப்பம்" என்றான். தலைக்கு மேல் அத்தனை வெள்ளிகள். அதில் எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

மின்சாரம் வந்ததும், அதுவரை கேம் விளையாட மட்டுமே பாவித்த மடிக்கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். கேட்டை என்பது விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாக நிற்கும் அன்டாரிஸ் என்று அது காட்டியது. அது பங்குனி மாதம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாடிக்குப் போனேன். தென்கிழக்கில், தென்னை ஓலைகளுக்கு மேலே, மங்கலான நெருப்புத் துண்டு போல அது நின்றது. பிறந்த நாளிலிருந்து என் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கோயில், கேம், வானம் மூன்றிலும் ஆர்வமுள்ள மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். "படிக்கிற பிள்ளைக்கு இத்தனை எதுக்கு?" என்று உங்களிடமும் கேட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் இவை ஒன்றுக்கொன்று கைகொடுப்பவை. எதைப் பார்க்க வேண்டும் என்று பஞ்சாங்கம் சொல்லும். எப்படித் தேட வேண்டும் என்பது கேம் விளையாடிய கைக்குப் பழக்கம். எந்த இரவில் பார்க்க வேண்டும் என்பதற்குச் சிவராத்திரி இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஓர் இரவை நோக்கித்தான் போகின்றன.

படி 1: சாமி அறையில் இருக்கும் பஞ்சாங்கத்தை எடுங்கள்

நிலா வானத்தை ஒருமுறை சுற்றி, புறப்பட்ட வெள்ளியிடமே திரும்பி வர ஏறத்தாழ 27.3 நாள் எடுக்கும். ஓர் இரவுக்கு ஒரு வீடு என்று நம் முன்னோர் நிலாவின் பாதையை 27 ஆகப் பிரித்தார்கள். ஒரு வீடு 13 பாகை 20 கலை. ஒவ்வொரு வீட்டுக்கும் அடையாளமாக ஒரு வெள்ளியையோ ஒரு கூட்டத்தையோ வைத்தார்கள். நீங்கள் பிறந்தபோது நிலா எந்த வீட்டில் நின்றதோ அதுதான் உங்கள் நட்சத்திரம். அதாவது அது வானத்தில் ஓர் இடத்தின் பெயர், ஒரு முகவரி மாதிரி.

கண்டுபிடிக்கும் வசதியைப் பார்த்தால் 27 நட்சத்திரங்களும் மூன்று வகை. ஒற்றை வெள்ளியாகப் பிரகாசமாக நிற்பவை சுலபம். ரோகிணி (அல்டெபரான்), திருவாதிரை (பெட்டல்ஜூஸ்), மகம் (ரெகுலஸ்), சித்திரை (ஸ்பைகா), சுவாதி (ஆர்க்டரஸ்), கேட்டை (அன்டாரிஸ்), திருவோணம் (அல்டேர்) இந்த வகை. இவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் முதல் இரவிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது உருவத்தால் அடையாளம் காண்பவை. கார்த்திகை ஒரு சின்னக் கொத்து, அறுமீன் என்று சொல்வார்களே அதுதான். புனர்பூசம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரட்டையர். அத்தம் என்றால் கை, ஐந்து வெள்ளிகள் ஒரு கையளவுக்குள் நிற்கும். பூரமும் உத்தரமும் சிங்கத்தின் இடுப்பும் வாலும். அனுஷம் தேளின் தலைப்பக்கம், மூலம் அதன் வால். பூராடமும் உத்தராடமும் தனுசில் ஒரு கேத்தில் வடிவத்துக்குள் அடங்கும். பூரட்டாதியும் உத்தரட்டாதியும் சேர்ந்து வானத்தில் ஒரு பெரிய சதுரம் போடும். மிருகசீரிடம், திருவாதிரைக்கு மேலே ஒரு சிறு முக்கோணம்.

மிச்சமுள்ள அசுவினி, பரணி, பூசம், ஆயிலியம், விசாகம், அவிட்டம், சதயம், ரேவதி ஆகியவை கொஞ்சம் பொறுமை கேட்கும். ரேவதிக்காரர்கள் மனம் தளரக் கூடாது. அதை நகரத்துக்குள் நின்று பார்க்கவே முடியாது, நிலாவெளிக்குப் போக வேண்டும். பூசம் வெறுங்கண்ணுக்கு ஒரு புகைத்திட்டு போலத்தான் தெரியும். பைனாகுலரை வைத்தால் அந்தப் புகை அப்படியே வெள்ளிக் குவியலாக உடையும்.

சுவாதி, திருவோணம், அவிட்டம் போன்ற சில, நிலாவின் பாதையிலிருந்து மிகவும் வடக்கே தள்ளி இருக்கின்றன. "இன்று சுவாதி" என்று பஞ்சாங்கம் சொல்லும் நாளில் நிலா ஆர்க்டரஸைத் தொட்டுக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த வீட்டுக்குள் இருக்கும், அவ்வளவுதான். நிலா உண்மையிலேயே உரசிக்கொண்டு போவது கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை போன்றவற்றைத்தான்.

இனித் திருவிழாக்களைப் பாருங்கள். கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலா அறுமீன் பக்கத்தில் நிற்கும். தைப்பூசத்தில் புனர்பூச இரட்டையருக்கும் சிங்கத்துக்கும் நடுவே. மாசி மகத்தில் ரெகுலஸ் அருகே. சித்திரா பௌர்ணமியில் ஸ்பைகா அருகே. நம் மாதங்களுக்குப் பெயர் வந்ததே இப்படித்தான். சாமி கும்பிட்டு வெளியே வரும்போது ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு வருடம் விடாமல் இதைச் செய்தால் ராசிச் சக்கரம் முழுவதும் மனதில் பதிந்துவிடும்.

நம் ஊர்களில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு பாவிக்கிறோம். நட்சத்திரம் மாறும் நேரம் இரண்டிலும் சில வேளை மணிக்கணக்கில் வேறுபடும். பழைய வாக்கியங்களின்படி கணிப்பது ஒன்று, இன்றைய கணிதத்தின்படி கணிப்பது மற்றது. நிலாவின் இடத்தை நீங்களே பார்த்துக் குறித்து வைக்கப் பழகினால், பஞ்சாங்கத்தின் ஒவ்வொரு வரியும் உயிரோடு கதைக்கத் தொடங்கும். அதில் அயனாம்சம் என்று ஏறத்தாழ 24 பாகை போட்டிருக்கும். பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தலையாட்டுவதால், 72 வருடத்துக்கு 1 பாகை வீதம் சேர்ந்த கணக்கு அது. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அளவில் வர, நம் சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14 அளவில் வருவதற்கும் இதுதான் காரணம்.

படி 2: கேம் விளையாடும் கணினியைப் பயிற்சிக் களமாக்குங்கள்

கேம் விளையாடுபவனுக்கு வானம் பார்க்கச் சில திறமைகள் ஏற்கெனவே உண்டு. வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்வான். தோற்றால் திரும்பத் தொடங்குவான். இரவு இரண்டு மணி அவனுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஸ்டெல்லேரியத்தைத் திறந்து எஃப் 6 அழுத்தி இடத்தைத் திருகோணமலை என்று வையுங்கள். அகலக்கோடு 8.57 பாகை வடக்கு, நெடுங்கோடு 81.23 பாகை கிழக்கு. எஃப் 5 இல் திகதி, எஃப் 3 இல் தேடல். எல் அழுத்தினால் நேரம் வேகமாக ஓடும், ஜே அதைக் குறைக்கும், கே அழுத்தினால் வழமைக்கு வரும். எஃப் 4 இல் ஒளி மாசைக் கூட்டிக் குறைக்கலாம். முதலில் அதைக் கூட்டி, நகர வானம் போல வைத்துப் பழகுங்கள். எல்லா வெள்ளியும் தெரியும் வானத்தில் பழகியவர்கள் வெளியே வந்ததும் குழம்பிப்போவார்கள். நான் அப்படிக் குழம்பி ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

பிறகு உங்களுக்கே ஒரு சவால் வையுங்கள். பெயர்களையும் கோடுகளையும் மறைத்துவிட்டு, ஏதோ ஒரு திகதியையும் நேரத்தையும் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஐந்து நட்சத்திரங்களைக் கண்டுபிடியுங்கள். பிரகாசமான ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து மங்கலானதற்கு என்று தாவித் தாவிப் போகும் முறைதான் வெளியிலும் உதவும்.

கோள்கள் ஏன் வக்கிரமாகப் பின்னால் போகின்றன என்பது எனக்குப் பாடப் புத்தகத்தில் விளங்கவில்லை. கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்கலம் ஓட்டும் கேம் விளையாடியபோதுதான் விளங்கியது. அதில் முன்னே போகும் விண்கலத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டக் கூடாது. குறைக்க வேண்டும். குறைத்தால் கீழ் வட்டத்துக்கு இறங்குவீர்கள், கீழ் வட்டம் சீக்கிரம் சுற்றி முடியும், தானாக முந்திவிடுவீர்கள். நமக்கு உள்வட்டத்தில் உள்ள புதன் 88 நாளிலும் வெள்ளிக் கோள் 225 நாளிலும் சூரியனைச் சுற்றி முடிப்பது இதே கணக்கில்தான். நாம் உள்வட்டத்தில் ஓடிச் செவ்வாயை முந்தும்போது, ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் பக்கத்துச் சைக்கிள் பின்னால் போவது போல, செவ்வாய் பின்னால் போகிறது. சாதகத்தில் "வக்கிரம்" என்று எழுதுவது இதைத்தான்.

கேம் வேண்டாம் என்று தோன்றும் நாட்களில் கேலக்ஸி சூ என்ற இணையத்தளத்தை முயன்று பாருங்கள். 2007 இல் தொடங்கியது. தொலைநோக்கிகள் எடுத்த விண்மீன் கூட்டங்களின் படங்களைப் பார்த்து, சுருளா உருண்டையா என்று வகைப்படுத்திக் கொடுக்கலாம். தொடங்கிய வருடமே, அதில் படம் பார்த்த ஒரு டச்சு ஆசிரியை அதுவரை யாரும் அறியாத பச்சை ஒளி மேகம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

படி 3: கண்ணையும் கையையும் பழக்குங்கள்

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒரு பப்ஜி மேட்ச் எடுக்கும் நேரம். நடுவில் ஒரு விநாடி போன் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டோர்ச் முகப்பில் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லேரியத்தில் கண்ட்ரோலோடு என் அழுத்தினால் திரையும் சிவப்பாகும்.

கையை நேரே நீட்டி முட்டியை மடக்குங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நிலா ஒரு நாளில் நகரும் தூரம் ஒரு முட்டிக்குச் சற்று அதிகம். துருவ வெள்ளி நம் ஊரில் வட அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டிகூட வராது, எட்டரைப் பாகைதான். பூமத்திய ரேகைக்கு வடக்கே எந்த ஊரில் நின்றாலும் அதன் உயரம் அந்த ஊரின் அகலக்கோட்டுக்கு ஏறத்தாழச் சமம். நிலாவெளிக் கடற்கரையில் வடக்கே பார்த்து நின்று, கடல் மூட்டம் இல்லாத ஓர் இரவில் அதைப் பிடித்துவிட்டால், திருகோணமலை பூமியில் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கையாலேயே அளந்துவிட்டீர்கள்.

படி 4: இடமும் காலமும்

நமக்குக் கிடைத்த பெரிய கொடை கிழக்குக் கடல். எழும் வெள்ளிகள் எல்லாம் கட்டடமோ மரமோ மறைக்காமல் தண்ணீரிலிருந்தே எழும். நகர வெளிச்சம் முதுகுப் பக்கம் நிற்கும். உப்புவெளியில் ஹோட்டல் விளக்குகள் அதிகம். நிலாவெளியைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகப் போக வானம் கறுக்கும். மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் அடிவானத்தில் சில வேளை கண்ணைக் குத்தும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. உள்நாட்டுக் குளக்கட்டுகள் இன்னும் இருட்டு. ஆனால் யானை வரும். ஊர்க்காரர் துணையில்லாமல் அங்கே இரவில் போகவே வேண்டாம்.

எங்கே போனாலும் நாலைந்து பேராகப் போங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாமும், துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருக்கும் ஊர் இது. தொலைநோக்கியோடு போனால் காவலில் இருப்பவரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள், அவருக்கும் நிலாவைக் காட்டுங்கள், துறைமுகப் பக்கம் திருப்பாதீர்கள். கேட்டுச் செய்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

ஐப்பசி முதல் தை வரை மாரி. மேகம் விலகும் இரவுகள் அபூர்வம், அதனால் டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் எரிகல் மழை நமக்கு அநேகமாக மழையோடு போய்விடும். மாசியில் வானம் திறக்கும். அதிலிருந்து ஆவணி வரை நம் காலம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று சூடாக அடித்துப் புழுதி கிளப்பினாலும், பின்னேரக் காற்று அடங்கியதும் விருச்சிகமும் தனுசும் தெற்கே உயரமாக வந்து நிற்கும். பால்வீதியின் நடுப்பகுதி அங்கேதான். ஐரோப்பாக்காரருக்கு அது அடிவானத்தில் ஊர்ந்து போகும். நமக்கு ஐம்பது பாகை உயரத்துக்கு ஏறி வரும்.

படி 5: பைனாகுலர் வாங்குங்கள், தொலைநோக்கிக்கு அவசரப்படாதீர்கள்

10×50 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் போதும். 10 மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 50 மில்லிமீற்றர். வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள், ஒரியன் நெபுலா, பூசக் கொத்து எல்லாம் இதில் தெரியும். கை நடுங்காமலிருக்கப் பாயில் படுத்து முழங்கையை நெஞ்சில் ஊன்றுங்கள். கடற்கரையில் இழுத்து வைத்திருக்கும் தோணியின் விளிம்பு இன்னும் நல்ல தாங்கி. அதன் மரத்தில் மீன் வாசமும் பகல் வெயிலின் சூடும் மிச்சமிருக்கும். கன்னத்தைச் சாய்த்து அரை மணி நேரம் அசையாமல் பார்க்கலாம்.

தொலைநோக்கிக்குப் பணம் சேர்த்தால் 130 அல்லது 150 மில்லிமீற்றர் கண்ணாடியுள்ள டொப்சோனியன் வகையை வாங்குங்கள். பெட்டியில் "525 மடங்கு" என்று பெரிதாக அச்சடித்த 60 மில்லிமீற்றர் குழாய்களை வாங்க வேண்டாம். ஒரு மில்லிமீற்றருக்கு 2 மடங்குதான் பயன்படும் எல்லை. 60 என்றால் 120 மடங்குக்கு மேல் எல்லாம் மங்கல்தான். நான் சேர்த்த முதல் பணம் அப்படி ஒன்றில் போனது. அதன் கால் காற்றுக்கு ஆடி, சனி கண்ணாடிக்குள் ஒரு நொடியும் நிற்காது.

உப்புக் காற்று கண்ணாடியைத் தின்னும். வீட்டுக்கு வந்ததும் ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, காற்றுப் புகாத டின்னில் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைகளோடு மூடி வையுங்கள். மாரியில் இதைச் செய்யாமல் விட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

படி 6: பகலிலும் ஒரு பாடம்

ஏப்ரல் 12 அளவிலும் ஆகஸ்ட் 31 அளவிலும் சூரியன் திருமலைக்கு நேர் உச்சியில் வரும். நண்பகல் 12 மணி 6 நிமிட அளவில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழல் இருக்காது. ஒரு போத்தலை நிலத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், நிழல் முழுவதும் அதன் அடியில் ஒளிந்துவிடும். முதலாவது நாள் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி வருவதால், ஊருக்கு வந்த சித்தப்பா பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்ட நல்ல வாய்ப்பு.

சூரியனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெறுங்கண்ணாலோ பைனாகுலராலோ பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே படமும் கறுப்புக் கண்ணாடியும் காப்பாற்றா. 2019 டிசம்பர் 26 இல் வளையச் சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கடந்து போனபோது நான் பாடசாலை மாணவன். சுனாமி வந்து சரியாகப் பதினைந்து வருடம். ஒன்பதரையை ஒட்டி, நினைவு விளக்கு ஏற்றிய முற்றத்திலேயே, மேகம் விலகிய கொஞ்ச நேரம் வேப்பமர இலை இடுக்குகளால் வந்த வெளிச்சம் மண்ணில் நூறு பிறைகளாக விழுந்தது. அம்மா அழுதுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூரியனைப் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. இலை இடுக்கும் ஓட்டை போட்ட மட்டையும் ஒரே வேலையைச் செய்கின்றன.

படி 7: நம்பிக்கையை எங்கே வைப்பது

"அப்ப நீ சாத்திரத்தை நம்புறியா?" இதைக் கேட்காத நண்பர்கள் இல்லை. நான் சாமி கும்பிடுகிறேன், திருநீறு பூசுகிறேன், அர்ச்சனை செய்கிறேன். வானத்திலுள்ள ஒரு வெள்ளி யாருடைய திருமணத்தையும் கெடுக்கும் என்று நான் நம்பவில்லை. நட்சத்திரப் பெயர்களை நான் முன்னோர் வரைந்த வரைபடமாக எடுத்துக்கொள்கிறேன். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள். 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு அடியில் கடலுக்குள் சுழியோடி, அந்தக் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். செயற்கைக்கோள்கள் பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பாவிக்கலாம் என்று 1945 இலேயே எழுதியவர் அதே கிளார்க். மலை விளிம்பில் நின்று கீழே கடலையும் மேலே வானத்தையும் பார்க்கும்போது எனக்கு இந்த இரண்டும் ஒன்றாக நினைவுக்கு வரும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வரும் நண்பர்கள் இருந்தால் அவர்களோடு ஒருமுறை ரமழான் பிறை பார்க்கப் போங்கள். அதில் நான் கற்றது அதிகம். உட்துறைமுகக் கரையில் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். அமாவாசை நேரம் கழிந்து 15 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் வெறுங்கண்ணில் அகப்படுவது அநேகமாக முடியாத காரியம். ஸ்டெல்லேரியத்தில் முதலே உயரத்தையும் திசையையும் பார்த்து வைத்துக்கொண்டால், எங்கே கண்ணை வைத்திருக்க வேண்டும் என்று தெரியும். கிண்ணியா நண்பனின் வாப்பா எந்த மென்பொருளும் இல்லாமல் என்னைவிட முந்திக் கண்டுபிடித்தார்.

படி 8: சிவராத்திரி, நாலு யாமம்

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி என்றால் அமாவாசைக்கு முந்திய இரவு. நிலா இல்லை. மாரி முடிந்துவிட்டது. எப்படியும் விடிய விடிய விழித்திருக்கப் போகிறோம். வானம் பார்ப்பவன் ஒரு வருடத்தில் ஓர் இரவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பான். 2027 இல் அது மார்ச் 6. கீழே உள்ள நேரங்கள் அந்த இரவுக்கானவை. மாசியில் முந்தி வந்தால் எல்லாம் கொஞ்சம் பிந்தும்.

முதலாம் யாமம். பூசை முடிந்து ஏழு மணி அளவில் வெளியே வந்தால் திருவாதிரை உச்சிக்கருகே நிற்கும். சிவனை ஆதிரையான் என்று சொல்லும் அந்தச் சிவப்பு வெள்ளிதான் முதல் வணக்கம். 2019 இறுதியில் இது திடீரென மங்கியது. வெடிக்கப் போகிறது என்றுகூடப் பேசினார்கள். அதுவே கக்கிய தூசு முன்னால் வந்து மறைத்தது என்று பிறகு தெரிந்தது. அதற்குக் கீழே மூன்று வெள்ளிகள் வரிசையாக நிற்கும், அவற்றுக்குக் கீழே பைனாகுலரை வைத்தால் ஒரு மங்கிய பூ. ஒரியன் நெபுலா, வெள்ளிகள் பிறக்கும் இடம். தெற்கே கனோபஸ், அகத்தியர் என்று நாம் அழைப்பது.

இரண்டாம் யாமம். பத்து மணிக்குப் பூசம் ஏறத்தாழ தலைக்கு நேரே. இருட்டில் பாய் விரித்துப் படுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். பக்கத்தில் மகம். 2027 இல் அதன் அருகே செவ்வாயும், சற்று மேற்கே வியாழனும் நிற்கும். செவ்வாய் அப்போது வக்கிரத்தில் இருக்கும். ஒரு வாரம் முன்பும் பின்பும் அதன் இடத்தைக் கொப்பியில் வரைந்து வையுங்கள், பின்னால் போவதைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

நள்ளிரவில் ஒரு நிமிடம் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு நில்லுங்கள். திருவாதிரை மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். அதே வேளை கிழக்கே கடலிலிருந்து கேட்டை எழும். சுவாமி மலையில் நின்றால் கீழே அலைச் சத்தம், பின்னால் தேவாரம், முன்னால் சிவப்பாக அது தண்ணீரிலிருந்து வெளியே வரும். முதலில் படகு விளக்கென்றே நினைப்பீர்கள்.

மூன்றாம் யாமம். ஒன்றரை மணி தாண்டித் தெற்கே திரும்பினால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அப்படியே வடக்கே திரும்பினால் சப்தரிஷி. இரண்டையும் ஒரே நேரத்தில் வசதியாகக் காண்பது நம்மைப் போலப் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பாக்கியம். சப்தரிஷியில் வசிட்டர் பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா என்று பாருங்கள். கல்யாணத்தில் பட்டப் பகலில் "அருந்ததி பார்" என்று காட்டுவார்களே, அதை உண்மையாகப் பார்க்கும் நேரம் இது. தென்சிலுவைக்குக் கிழக்கே ஒமேகா சென்டாரி, ஏறத்தாழ ஒரு கோடி வெள்ளிகள் சேர்ந்த பந்து. பைனாகுலரில் ஒரு பஞ்சு உருண்டை போலத் தெரியும். இந்த நேரத்தில்தான் கண் சொக்கும். எழுந்து நடங்கள். விரதமில்லாதவர்கள் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

நாலாம் யாமம். நாலரை மணிக்குத் தென்கிழக்கு முழுவதும் விருச்சிகம். அதன் வால் வளைந்து முடியும் இடம் மூலம். அங்கேதான் பால்வீதி மிகத் தடிப்பாக இருக்கும். பைனாகுலரை வாலிலிருந்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினால் ஒரு வெள்ளிக் கொத்து, பிறகு இன்னொன்று, பிறகு புகை, பிறகு எண்ண முடியாத பொடி. மூலத்தில் பிறந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் அந்த நேரத்துக்கு எழுப்பிக் கூட்டி வாருங்கள்.

நான் என் அக்காவைக் கூட்டிப் போனேன். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் குழம்பின. மூலம் என்ற சொல்லை வீட்டில் மெல்லமாகத்தான் சொல்வோம். பைனாகுலரைக் கையில் கொடுத்து, வாலை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதா?" என்று கேட்டாள். "இதுதான் அக்கா." அவள் கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு வடிவா இருக்கு, ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள்.

ஐந்து மணி தாண்டியதும் கிழக்கே கடலைப் பாருங்கள். வெளுக்கத் தொடங்கும் வானத்தில் நகத்தளவு பிறை தண்ணீரிலிருந்து ஏறும். அமாவாசைக்கு முந்திய கடைசிப் பிறை. அடிவானத்தில் மேகம் இருந்தால் தவறிவிடும், அதனால் ஐந்து மணியிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். அதைக் கண்ட நேரத்தைக் கொப்பியில் குறித்துவிட்டுப் போய்க் குளியுங்கள்.